கல்லு வளருதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிப்பதற்கு முன் நான் ஒரு தோசையை அளப்பேன். உண்மையில் அது பவளம். மான்டிபோரா கேப்ரிகார்னிஸ் என்று நீளமான பெயர். தட்டையாக, ஓரம் மட்டும் லேசாக மேலே எழும்பி, வட்டமாக விரியும். நிறம் முறுகலான ஆரஞ்சு. ஆறு வயது மகள் பார்த்த அன்றே "தோசை" என்று பேர் வைத்துவிட்டாள். வீட்டில் இப்போது அறிவியல் பெயரைச் சொல்கிற ஒரே ஆள் நான்தான், அதுவும் மனசுக்குள்.

ஒரு பிப்ரவரி மாதம் வாங்கினேன். அன்று அதன் விட்டம் 24 மில்லிமீட்டர். ஆறு மாதத்தில் உள்ளங்கை அகலம் வந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். பதினோரு மாதம் கழித்து, பிளாஸ்டிக் வெர்னியரை எடுத்துக்கொண்டு முழங்கை வரை உப்புத்தண்ணீரில் கையை விட்டு அளந்தபோது 27. மூன்று முறை அளந்தேன். 27தான்.

"உன் கைநகம் ஒரு மாசத்துல வளர்றது, இதுக்கு ஒரு வருஷம் ஆவுது" என்றாள் மனைவி. விளையாட்டாகச் சொன்னாள். நான் போய்ச் சரிபார்த்தேன். கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அவள் சொன்னது துல்லியம்.

சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் இருக்கிறோம். எந்தக் கடலுக்குப் போக வேண்டுமென்றாலும் ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்ட வேண்டிய ஊர். இங்கே ஹாலில், 280 லிட்டர் கண்ணாடித் தொட்டியில், வடிகட்டிய குழாய்த்தண்ணீரில் உப்பைக் கரைத்து ஒரு கடலை நடத்திக்கொண்டிருக்கிறேன். வீடு மாறிப் போன ஒருவரிடம் பழைய தொட்டியாக வாங்கியது. ஏன் வாங்கினேன் என்று கேட்டால், தூத்துக்குடியில் பிறந்தவன் என்று சொல்லிவிடலாம். அது பாதிப் பதில். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் தோசை ஏன் வளரவில்லை என்பதை முடித்துவிடுகிறேன்.

தொழிலில் என் வேலையே இதுதான். ஏதோ ஒரு சேவை மெதுவாகிவிட்டது என்று நள்ளிரவில் போன் வரும், எழுந்து காரணம் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றுவதற்கு முன் அளந்துகொள், மாற்றியபின் காத்திரு. புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நானே இதை வகுப்பெடுத்திருக்கிறேன். வீட்டுத்தொட்டி விஷயத்தில் இந்த மூன்றையும் மீறினேன். மென்பொருளில் ஒன்றை மாற்றினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பவளத்துக்கு ஆறு வாரம் வேண்டும். ஆறு வாரம் சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை.

முதல் சந்தேகம் வெளிச்சத்தின் மேல். பவளம் மிருகம்தான், ஆனால் அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைத்துப் போடும் சர்க்கரையில்தான் பவளத்தின் பிழைப்பு பெரும்பாலும் ஓடுகிறது. வளரவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டி, எல்.ஈ.டி. விளக்கை ஒரே நாளில் 50 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்றினேன். தோசை பொறுத்துக்கொண்டது. பக்கத்தில் கிளை கிளையாக நின்றிருந்த ஓர் அக்ரோபோரா பொறுக்கவில்லை. பத்து நாளில் தன் பாசிகளையெல்லாம் வெளியே துப்பி வெளுத்தது. அடுத்த வாரம் சதையும் உரிந்து, சுண்ணாம்பு எலும்பு மட்டும் நின்றது. அதைக் கழுவிக் காயவைத்து என் மேஜையில் வைத்திருக்கிறேன். பேப்பர் வெயிட்டாகக்கூட ஆகாத அளவுக்கு லேசு.

இரண்டாவது, தண்ணீரின் சுத்தம். பாஸ்பேட் அதிகமானால் பவள எலும்பு உருவாவது தடைபடும் என்பது உண்மை. என் தொட்டியில் அது கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. இரும்பு ஆக்சைடு துகள்களை வடிகட்டியில் போட்டு உறிஞ்ச விட்டேன். எண் குறையக் குறைய எனக்கு உற்சாகம். பூஜ்யம் வந்த அன்று அலுவலகத்தில் பிழைப்பட்டியல் காலியான மாதிரி ஒரு நிம்மதி. இரண்டு வாரத்தில் பவளங்களெல்லாம் சோகை பிடித்தது போல் வெளிறின. மணல்மேல் பழுப்பு நிறத்தில், குமிழி கோத்த சளி மாதிரி ஒன்று படர்ந்தது. டைனோ என்பார்கள். மற்ற உயிர்கள் பட்டினியில் ஓய்ந்து கிடக்கிற தொட்டியில் கொண்டாட்டமாக வளருகிற வகை. பாஸ்பேட் விஷமில்லை, அளவோடு வேண்டிய உணவு. கடல் சுத்தமாகத் தெரிகிறது என்பதால் அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன். மீன்களுக்கு இரண்டு வேளை கூடுதலாகப் போட்டு, உறிஞ்சியை எடுத்து, அந்தச் சளியை விரட்ட மூன்று மாதம் ஆயிற்று.

மூன்றாவது, அளக்கிற கருவியே பொய் சொன்னது. உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 என்று ஒளிவிலகல்மானி காட்டிக்கொண்டிருந்தது. சுத்தத் தண்ணீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்து வைத்திருந்தேன். 35 என்று குறித்து விற்கிற திரவத்தைச் சொட்டுவிட்டுப் பார்த்தால் 38 காட்டுகிறது. அப்படியென்றால் இத்தனை நாள் என் கடல் 32இல் ஓடியிருக்கிறது. உப்பு குறைந்தால் கால்சியம், மக்னீசியம் எல்லாமே அதே விகிதத்தில் குறையும். கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். இரண்டு வாரம் எடுத்து மெல்ல உயர்த்தினேன். தோசை அசையவில்லை.

இதற்கு நடுவே ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவின் போன். தூத்துக்குடியில் அப்போது இரவு எட்டு மணி. துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணாகக் கேட்பது பழக்கம். மகளின் உயரம், என் எடை, சிகாகோவின் குளிர் எத்தனை டிகிரி, எல்லாம் முடிந்து கடைசியாக வரும்.

"என்னல, கல்லு வளருதா?"

"இல்லப்பா. 27தான்."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் மன்னார் வளைகுடா பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள், 1986இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது, அதற்கு முன்னும் பின்னும் நடந்த அழிவு. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டதையும், சுற்றி அரணாக நின்ற பாறையைப் பெயர்த்தது அதற்கு ஒரு காரணம் என்பதையும் எழுதியிருந்தேன். பத்துப் பேர் பாராட்டினார்கள். அப்பா போனில் எழுத்தைப் பெரிதாக்கி முழுக்கப் படித்துவிட்டு அந்த ஞாயிறு சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க. 'கடப்பாரையால் பாறையைப் பெயர்த்து, வள்ளங்களில் கொண்டுவந்து சுண்ணாம்புக்குச் சுட்டார்கள்'னு ஒரு வரி வருது பாரு. சுட்டார்கள்னா யாருல அது?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்த நான்கைந்து வாரம் மகளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

சுட்டது என் தாத்தா. ஊருக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக் காளவாசல் வைத்திருந்தார். பெரிய முதலாளியெல்லாம் இல்லை. ஒரு காளவாசல், ஏழெட்டு ஆட்கள். கரையில் வள்ளம் வந்து நின்றதும் கல்லை விலை பேசி வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, கரியும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுடுவார்கள். எங்கள் வீட்டில் 'கல்லு' என்றால் அது பவளக்கல்தான். மலைக்கல்லைத்தான் 'மலைக்கல்லு' என்று தனியாகச் சொல்வார்கள். தாத்தாவுக்குப் பிறகு அந்தத் தொழில் எங்கள் கையில் இல்லை. 2001இல் பவளங்களை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில். காளவாசல் இருந்த மனை மட்டும் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. என் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்பா அதைத்தான் விற்றார். ரசீதுகள் இன்னும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் கட்டுரையில் 'சுட்டார்கள்' என்று படர்க்கையில் எழுதினேன்.

சரி, தொட்டிக்கு வருகிறேன்.

ஜனவரியில், பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமை, வீட்டில் கூட்டாகப் பொங்கல் வைத்தோம். குழந்தைகளோடு 22 பேர். வெளியே மைனஸ் 18 டிகிரி, ஜன்னல் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. எரிவாயு அடுப்பில் மூன்று பானை. இரவு பதினொன்று வரை சத்தம், பாட்டு, பல்லாங்குழி. மறுநாள் காலை தொட்டியின் பதிவுகளை வழக்கம்போலத் திறந்து பார்த்தால் பிஎச் கோடு பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு 7.86. நள்ளிரவுக்கு 7.62.

பிஎச் கம்பி ஒன்று ஆரம்பத்திலிருந்தே தண்ணீரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பதிந்துகொண்டும் இருந்தது. நான்தான் அதை நம்பவில்லை. கடல்நீர் என்றால் 8.1, 8.2 இருக்க வேண்டும், இது 7.8 காட்டுகிறதே, கம்பி கெட்டுவிட்டது என்று ஒதுக்கினேன். சரிபார்க்கும் திரவத்தில் விட்டபோது ஒழுங்காகத்தான் காட்டியது. அப்புறமும், பிஎச் பின்னால் ஓடாதே, காரத்தன்மையைச் சீராக வை போதும் என்று பவளம் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வதைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். மோசமான அறிவுரையும் இல்லை அது. மருந்து மாதிரி எதையாவது ஊற்றி எண்ணைத் துரத்துகிறவர்களுக்குச் சொல்வது. எண் ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிக்காமல் இருப்பதற்கு நான் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

22 பேரின் மூச்சு தண்ணீரில் இறங்கியிருந்தது. காற்றில் கரியமில வாயு கூடினால் தண்ணீரிலும் கூடும். அங்கே கார்பானிக் அமிலமாகிப் பிஎச் இறங்கும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு வருடப் பதிவையும் விரித்துவைத்துப் பார்த்தேன். மே மாதக் கடைசியிலும் செப்டம்பரிலும் மட்டும் கோடு 8.1ஐத் தொட்டிருக்கிறது. இந்த ஊரில் குளிரும் இல்லாமல், ஏசியும் இல்லாமல் ஜன்னலைத் திறந்துவைக்கிற காலம் அவ்வளவுதான். பக்கத்தில் என் ஞாயிற்றுக்கிழமை அளவுகளை வைத்தேன். தோசை வளர்ந்த மூன்று மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டரை அந்த வாரங்களில் வளர்ந்தது.

7.8க்கும் 8.1க்கும் பெரிய வித்தியாசமில்லை போலத் தோன்றும். பிஎச் மடக்கை அளவு, 0.3 இறங்கினால் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகிவிட்டன என்று பொருள். பவளம் எலும்பு கட்டுவது தன் சதைக்கும் பழைய எலும்புக்கும் நடுவே இருக்கிற நூலிழை இடைவெளியில். அங்கே கால்சியத்தை இழுத்துக் கொண்டுவந்து கார்பனேட்டோடு சேர்க்கும்போது ஹைட்ரஜன் அயனிகள் மிச்சமாகும். அவற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கட்டடவேலை நடக்கும். வெளியிலும் அதே அயனிகள் நெரிசலாக நின்றால் தள்ளுவதற்கே சக்தியெல்லாம் போய்விடும். சாப்பாடு இருந்தது, வெளிச்சம் இருந்தது, கால்சியம் 430 இருந்தது. கொத்தனார் மட்டும் நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

தொழிற்புரட்சிக்குப் பிறகு இதுவரை உலகக் கடல்களின் மேற்பரப்பில் பிஎச் ஏறக்குறைய 0.1 இறங்கியிருக்கிறது. அதற்கே விஞ்ஞானிகள் பதறுகிறார்கள். நான் ஒரு பொங்கல் ராத்திரியில் 0.24 இறக்கிக் காட்டினேன்.

கரியமில வாயு அளக்கும் மீட்டர் ஒன்று வரவழைத்தேன். வெளியே 430 பிபிஎம். ஹாலில் 1,350. காலை ஆறு மணிக்கு எங்கள் படுக்கையறையில் 2,100. மனைவி அந்த எண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு வருஷமா குளிர்காலத்துல தலைவலியோட எந்திரிக்கிறேன்னு சொல்றேன். தண்ணி குடி, போனைப் பாக்காதேன்னு சொன்ன. தோசை வளரலன்னதும் மீட்டர் வாங்குற."

இதற்குப் பதில் கிடையாது. அன்று இரவிலிருந்து படுக்கையறை ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருக்கிறது, ஹீட்டர் கட்டணம் கூடியிருக்கிறது. தலைவலி குறைந்ததா என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காற்று மாற்றும் சாதனம் ஒன்றை வீட்டுக்கே போடுவதற்கு ஆள் கூப்பிட்டிருக்கிறேன்.

தொட்டிக்கு இரண்டு காரியம் செய்தேன். தண்ணீரில் நுரை கிளப்பி அழுக்கெடுக்கும் கருவி ஒன்று உண்டு. அது காற்றை இழுக்கும் குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டேன். பிஎச் 0.15 ஏறியது. இன்னும் வேண்டும். அதற்கு வழி சுண்ணாம்புத் தண்ணீர். பவளம் வளர்ப்பவர்கள் ஜெர்மன் மொழியில் கால்க்வாஸர் என்பார்கள். பீட்டர் வில்கன்ஸ் என்பவர் பரப்பிய முறை. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விடுவது. தினமும் ஆவியாகிப் போகிற தண்ணீருக்கு ஈடாக இதையே விட்டுவிடலாம். கால்சியமும் கிடைக்கும், காரமும் கிடைக்கும், தண்ணீரில் கரைந்திருக்கிற கரியமில வாயுவையும் இது பிடித்துக்கொள்ளும். அதுவரை நான் ஊற்றிக்கொண்டிருந்தது பேக்கிங் சோடாக் கரைசலும் கால்சியம் குளோரைடும். எண்கள் சரியாக வந்தன, ஆனால் பேக்கிங் சோடா பிஎச்சை உயர்த்தாது. கொஞ்சம் இறக்கவும் செய்யும்.

ஏப்ரல் கடைசியில் அப்பா வந்தார். அம்மா போனபிறகு முதல் வருகை. வந்த மறுநாள், நேரமாற்றத்தில் தூக்கம் வராமல் விடியற்காலை நாலு மணிக்குத் தொட்டிமுன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் மேஜையிலிருந்த அக்ரோபோரா எலும்பு அவர் கையில் இருந்தது. விரலால் சுண்டிப் பார்த்தார்.

"கிளைக்கல்லு. இது சீக்கிரம் வெந்துரும். மூளைக்கல்லுதான் நேரம் எடுக்கும், நடுவுல வேவாம நிக்கும்."

"கடையில இதே மாதிரி உயிரோட விக்கிறாங்கப்பா. நாப்பது டாலர்."

"ஊர்ல இதைத் தொட்டா உள்ள தூக்கிப் போட்டுருவான். இங்க கடை போட்டு விக்கிறானா?" சிரித்தார். பண்ணைகளில் துண்டு துண்டாக வெட்டி வளர்த்தது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார், ஆனால் நாப்பது டாலரை ரூபாயாக்கும் கணக்கு முகத்தில் ஓடியது.

சுண்ணாம்பு டப்பாவைக் காட்டினேன். இங்கே ஊறுகாய்க்குப் போடுவதற்கென்று பலசரக்குக் கடையிலேயே சுத்தமான நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கும். அதன்மேல் வெள்ளரிக்காய்ப் படம். அப்பா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார்.

"நல்லா நீத்திருக்கான். எதுக்கு?"

"கல்லு வளர."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். கல்லைச் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு வருகிறது. ஒரு கிலோ கல்லில் 560 கிராம் சுண்ணாம்பு நிற்கும், 440 கிராம் காற்றில் போய்விடும். "பாதிக்குப் பாதி எடை போயிரும்னு உங்க தாத்தா சொல்லுவார்" என்றார் அப்பா. தண்ணீர் ஊற்றினால் நீற்றிய சுண்ணாம்பு. அதைத் தொட்டியில் விட்டால், தண்ணீரில் இருக்கிற கரியமில வாயுவோடு சேர்ந்து கரைந்து நிற்கும். அதைத்தான் பவளம் எடுத்து மறுபடி கல்லாக்குகிறது.

தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கலக்குறத நான் பாத்துக்கிடுறேன்" என்றார்.

முதல் வாரமே நான் அவசரப்பட்டேன். வாளியில் கலக்கிய சுண்ணாம்பு முழுக்கத் தெளியுமுன், சொட்டும் வேகத்தையும் கூட்டி வைத்துவிட்டு அலுவலகக் கூட்டத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் தொட்டி பால் மாதிரி இருக்கிறது. பிஎச் 8.7. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அப்பா ஏற்கெனவே குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தார். மேசை விசிறியை ஜன்னலிலிருந்து தொட்டிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, சரியான வேலைதான். ராத்திரி வரை தண்ணீர் மாற்றினோம். ஒரு மீன் செத்தது. தோசை மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

அன்று இரவு, கை காலெல்லாம் உப்போடு சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது, அப்பா காளவாசலைப் பற்றிப் பேசினார். நான் கேட்காமலேயே. பள்ளி விடுமுறையில் அவர் அங்கே கணக்கு எழுதியிருக்கிறார். நீற்றுகிற இடத்தில் ஓர் ஆள் இருந்தாராம், அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீரை மெதுவாக விட வேண்டும், கொதித்து எழும்பும். லாரி காத்து நிற்கிறது என்று தாத்தா விரட்ட, அந்த ஆள் குடத்தோடு கவிழ்த்துவிட்டார். தெறித்ததில் ஒரு கண் போய்விட்டது. ஆசுபத்திரிச் செலவைத் தாத்தா கொடுத்தார். வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை.

"நான்தான் கணக்குல எழுதினேன். வைத்தியம்னு போட்டு, தொகை போட்டு, கோடு இழுத்தேன்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. தொட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

"கல்லப் பத்தி எழுதும்போது அவரையும் எழுது" என்றார். பெயர் சொன்னார். பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எழுத முடியாது. கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகு சுண்ணாம்புப் பொறுப்பு முழுக்க அப்பாவிடம் போயிற்று. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வாளியில் லிட்டருக்கு ஒன்றரை கிராம், தராசில் நிறுத்துப் போடுவார். மரக்கரண்டியால் இருபது சுற்று. மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போவார். விடிந்ததும் தெளிவை மொண்டு சொட்டுக்கலத்தில் ஊற்றுவார். பேத்தியைக் கிட்டே விடமாட்டார். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் மூடியைத் திறப்பார், என்னையும் மாட்டச் சொல்வார். மண்டி தேங்கிய அடிச்சுண்ணாம்பைக் கீழே கொட்ட அவருக்கு மனசு வராது. கராஜ் சுவரில் ஒரு மூலையில் அதை வைத்து வெள்ளையடித்துப் பார்த்திருக்கிறார். இன்னும் அங்கே இருக்கிறது. வீட்டுச் சங்கத்துக்காரர்கள் கண்ணில் படாத இடம்.

ஒரு தொட்டியில் எலும்பு வளர்வதை வெர்னியருக்கு முன்னால் காரத்தன்மை சொல்லிவிடும். பவளம் எவ்வளவு கட்டுகிறதோ அவ்வளவு அது குறையும். ஜனவரியில் ஒரு நாளைக்கு 0.3 டிகேஎச் குறைந்தது. ஜூனில் 0.7. ஆகஸ்டில் 1.1. சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும் போதாமல் மற்ற கரைசலையும் கூடச் சேர்க்க வேண்டியதாயிற்று. இதில் எவ்வளவு காற்றால், எவ்வளவு சுண்ணாம்பால், எவ்வளவு உப்பையும் உணவையும் சரிசெய்ததால் என்று கேட்டால், தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒரு நேரத்தில் ஒன்று என்ற விதியை மீறியதற்குத் தண்டனை அது. ஜூலையில் ஏசிக்காக ஜன்னல்களை அடைத்த இரண்டு வாரம் பிஎச் இறங்கியது, குறைகிற வேகமும் கூடவே விழுந்தது. ஆகையால் காற்றின் பங்கு பெரிது என்று மட்டும் நம்புகிறேன்.

ஜூன் மாத நடுவில் ஒருநாள் மகள்தான் முதலில் பார்த்தாள். "தோசைக்கு ஓரம் வெள்ளையாயிருச்சு!" செத்துவிட்டதோ என்று ஓடினேன். அது வளர்கிற ஓரம். புதிதாகக் கட்டிய எலும்பின்மேல் பாசிகள் இன்னும் முழுதாகக் குடியேறாத இடம், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளுப்பாகத் தெரியும். படத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், என் தொட்டியில் அன்றுதான். அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணாடித்தொட்டியில் மூக்கு உரசும்படி குனிந்து பார்த்தார். எவ்வளவு நேரம் ஆகும் ஒரு வள்ளம் கல்லுக்கு என்று கேட்டார். எந்தக் கல் என்பதைப் பொறுத்தது, கிளைக்கல் என்றால் கடலில் வருடத்துக்கு ஒரு சாண்கூட வளர்வதுண்டு, உருண்டைக்கல் ஒரு சென்டிமீட்டர்தான் என்றேன். கணக்குப் பிரிவுக்காரர் மனசுக்குள் ஏதோ பெருக்கினார். விடையைச் சொல்லவில்லை.

செப்டம்பர் நடுவில் கிளம்பினார். அன்று தோசை 41 மில்லிமீட்டர். பெட்டி கட்டும்போது அந்தச் செத்த அக்ரோபோராவை ஒரு துண்டில் சுற்றி உள்ளே வைத்திருந்தார். இந்தியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது, சுங்கத்தில் பிடித்தால் வம்பு என்று எடுத்தேன்.

"எங்க ஊருக்குக் கல்லு கொண்டு போறதுக்கு ஒங்க அமெரிக்காவுல பயப்படுறியா?" என்றார். பிறகு அவரே அதை வாங்கி, மேஜையில் பழைய இடத்தில், பழையபடி சாய்த்து வைத்தார்.

போன ஞாயிறு போனில் மகளின் உயரம், என் எடை, சிகாகோவின் குளிர் எல்லாம் முடிந்து, கடைசிக் கேள்வி வந்தது. அரை மில்லி கூடியிருக்கிறது என்றேன். சுண்ணாம்பு யார் கலக்குகிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"மேல ஏடு கட்டியிருக்கும். அதை உடைச்சுக் கலக்கிராத. கரண்டிய ஓரமா வச்சு ஒதுக்கிட்டு, அடியத் தொடாம மோந்துக்கோ. கண்ணாடி போட்டியா?"

போடவில்லை. போனை வைக்காமலே போய் எடுத்து மாட்டிக்கொண்டேன்.